நான் எழுதிக்கொடுத்த மாரடைப்பு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நடக்கிற கோளாறில் பாதி என் கையெழுத்தில் நடந்தது.

மாத்தளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஞாயிறு பத்திரிகைகளில் வருஷத்துக்கு இரண்டு கதை வரும். அந்த இரண்டு கதையை நம்பி, கலியாண அழைப்பிதழ், பிரியாவிடை உரை, அதிகாரிக்கு மனு, மரண அறிவித்தல் என்று எதை எழுதவேண்டுமானாலும் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் எழுதிக்கொடுத்துவிடுவேன். மறுக்கத் தெரியாத குணம் என்று வெளியே சொல்லிக்கொள்வது. கேட்கிறார்களே என்ற பெருமைதான் உண்மை.

கெத்தரின் அப்படித்தான் வந்தாள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்து, தூங்கவைத்து, நாலு மணிக்குத் திருப்பிக் கொடுப்பது வேலை. முப்பத்துநாலு வயது. பஸ் டிக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சேர், எங்க தம்பி ரொமேஷ் பேர்ல ஒரு நிதி சேர்க்கிறோம். நோட்டீஸ் ஒன்னு எழுதித் தரணும்."

"தம்பிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். ரொமேஷ் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். இருபத்தொன்பது வயது. சொல்லிவிட்டு, "ஆனா நோட்டீஸ்ல மாரடைப்புன்னு போடுங்க" என்றாள்.

போட்டேன்.

2

இந்தக் கதைக்குத் தொடக்கம் தேடிப் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் தொடக்கம்: "இரத்தோட்டை மலைகளில் அன்று விடாத மழை. ரொமேஷ் தன் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு—" இங்கே நிறுத்திவிட்டேன். எழுதியதைக் காட்டியபோது, அன்று மழையே இல்லை, நல்ல வெயில் என்றாள் கெத்தரின். மழை எனக்குத்தான் தேவைப்பட்டது.

(எப்படி இறந்தான் என்று இந்தக் கதையில் வராது. அதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தெரியாமல் இருப்பதால் ஒருவேளை யாருக்காவது நன்மை உண்டு.)

இரண்டாவது தொடக்கத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். தம்புள்ளையில் ஒரு புடைவைக் கடையில் வேலை, பெயர்கூட வைத்தாகிவிட்டது. ரொமேஷ் அவளை நேசித்தான், அவள்—. கெத்தரின் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பிடி ஒருத்தி இல்ல சேர். கடனும் இல்ல, குடியும் இல்ல. ஒரே ஒரு காரணம்னு இருந்திருந்தா நாங்க அதப் புடிச்சு அடிச்சே கொன்னிருப்போமே."

மூன்றாவது தொடக்கம், "ரொமேஷ் சிரித்தால்—". அவனை நான் பார்த்ததே இல்லை. எப்படிச் சிரிப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையும் விட்டேன்.

ஆகவே அவன் இந்தக் கதைக்குள் வரமாட்டான். அவனுக்காகக் காசு சேர்க்கப் போய் அவன் அக்கா மாட்டிக்கொண்டதுதான் கதை.

3

நோட்டீஸின் முக்கிய வசனம் இது. முழுப் பொறுப்பும் என்னுடையது:

"கடந்த வருடம் மாரடைப்பினால் எம்மைவிட்டுப் பிரிந்த அன்புச் சகோதரன் ரொமேஷைப் போல் இன்னோர் இளம் உயிர் பிரியாதிருக்க, தோட்ட மக்களுக்காக மாதம் இருமுறை இலவச ஆலோசனைச் சேவை ஒன்றை ஆரம்பிக்க விரும்பும் குடும்பத்தினர் உங்கள் உதவியை நாடி நிற்கின்றனர்."

ஓசை எப்படி? எனக்கும் பிடித்திருந்தது. கெத்தரின் மனதில் இருந்த ஆலோசனைச் சேவை வேறு. கண்டியில் நிஷ்மியா என்று ஓர் உளவளத்துணையாளர் இருக்கிறார். மனம் தாங்காமல் வருகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, வழி பார்ப்பவர். அவரை மாதம் இரண்டு சனிக்கிழமை தோட்டத்துக்குக் கூட்டிவர வேண்டும். வான் வாடகை, அவருக்குரிய சம்பளம், தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலடியில் ஓர் அறை. பாதர் அறையைச் சும்மா தந்துவிட்டார். மிச்சத்துக்குத்தான் நிதி.

நோட்டீஸை வாசிக்கிற எவருக்கும் இருதய டொக்டர் வரப்போகிறார் என்றுதான் படும். எனக்கு அது அன்றைக்கே தோன்றியது. தோன்றியும் பேசாமல் இருந்தேன், ஓசை கெட்டுவிடும் என்று.

மாரடைப்பு கெத்தரினின் கண்டுபிடிப்பு அல்ல, அவள் தாய் மரியாயியுடையது. சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம் முதலில் அப்படிச் சொன்னவர் அவர்தான். இங்கே ஒரு கொடுமைக்காரத் தாயை எழுதி வைத்திருந்தேன்: மானத்துக்காக மகனின் சாவை மூடுபவர், கையில் செபமாலை, கடுகடுத்த முகம். கெத்தரின் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா சின்னப் புள்ளையா இருக்கயில, பக்கத்து லயத்துல ஒரு அண்ணன் இப்பிடிப் போயிட்டாராம். கோயில்ல சாவு மணி அடிக்கலயாம். சாமியார் வரலயாம். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளிய பொதைச்சிட்டு வந்தாங்களாம். என் புள்ளைக்கு மணி அடிக்கணும்னு தான்டி அப்பிடிச் சொன்னேன்னாங்க."

இந்தக் காலத்துப் பாதர் எதைச் சொல்லியிருந்தாலும் மணி அடித்திருப்பார், எல்லாச் செபமும் சொல்லியிருப்பார். அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே விஷயம் தெரியும். மரண விசாரணை நடந்த சாவு. தோட்டத்தில் தெரியாதவர் யார்? சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசையில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தைலம் எடுப்பார்கள். ஆனால் மரியாயி "நெஞ்சு வலின்னான்" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து தோட்டம் முழுக்க அதையே சொன்னது. ஆமாம், நெஞ்சு வலி, பாவம், சின்ன வயசு. ஒருவர்கூடத் தவறிப்போய் வேறு மாதிரிச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் பின்னால் காரியத்தைக் கெடுத்தது.

4

நோட்டீஸ் தம்புள்ளைக்குப் போனது. ரொமேஷ் அங்கே மொத்த மரக்கறிச் சந்தையில், பதுர்தீன் முதலாளியின் கடையில் ஏழு வருஷம் நிறுவைக்கு நின்றவன். முதலாளி நோட்டீஸை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் அத்தனை கடைக்காரரும் கொடுத்தார்கள். நிஷ்மியாவின் வானுக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான காசு ஒரு பகலில் சேர்ந்தது.

முதல் சனிக்கிழமை முதலாளி தானே வந்தார், ஒரு பெட்டியோடு. உள்ளே புத்தம்புது பிரஷர் மெஷின்.

"மகள், காசு காசாத் தந்தாச்சி. இது வேற. எங்கட கடக்காரங்க எல்லாரும் சேந்து வாங்கினது. டொக்டர் எங்க ஈக்குறாங்க?"

கெத்தரின் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கோயிலடி அறைக்குள் நிஷ்மியா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கதிரை, ஒரு தண்ணீர்ப் போத்தல், கதவுக்கு ஒரு திரை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து வந்த அந்தோனிமுத்து பிரஷர் பார்க்கத் தொடங்கினார். அறுபத்துமூன்று பேர். திரைக்குப் பின்னால் போனவர் எவருமில்லை. மூன்று மணிக்கு மேல் நிஷ்மியாவே வெளியே வந்து, பிரஷர் பார்க்க வந்தவர்களின் பெயர் எழுதிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார். போகும்போது கெத்தரினின் தோளில் கைவைத்தார்.

"நல்ல வேலதான் நடந்துச்சு தங்கச்சி. ஆனா இதுக்கு நான் கண்டியில இருந்து வர வேணாமே."

(இந்த இடத்தில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். கெத்தரினும் அன்றைக்கு வீட்டுக்குப் போய், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, திடீரென்று சிரித்தாளாம். சிரிப்பு அழுகையாக மாற எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.)

5

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே போனது. அடுத்த செவ்வாய் நாலு மணிக்கு ஜெனிஸ்டா தன் குழந்தையைக் கூட்டிப்போகப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கொழுந்து பறிப்பவள், இருபத்தாறு வயது, கணவன் கட்டாரில். மற்றத் தாய்மார் எல்லாரும் போனபிறகும் அவள் போகவில்லை. குழந்தையின் செருப்பை மாட்டிவிடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"என்ன புள்ள?" என்றாள் கெத்தரின்.

"ரெண்டு சனிக்கெழமையும் வந்தேன்க்கா."

"பிரஷர் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னாங்க." செருப்பு மறுபடி கழன்றது. "எனக்கு நெஞ்சுக்கு ஒன்னுமில்லக்கா. தூக்கந்தான் இல்ல. மூணு மாசமா. புள்ள அழுதா கூட எங்கேயோ தூரத்துல அழுவுற மாதிரி இருக்கு."

கெத்தரின் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தம்பியிடம் ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வியை இவளிடம் கேட்கவேண்டியிருந்தது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று எல்லாரையும் போல அவளும் பயந்திருந்தாள். அப்படி ஆகாது, நேராகக் கேட்கலாம் என்று நிஷ்மியா சொல்லிக்கொடுத்திருந்தார்.

"சாகணும்னு தோணுதா புள்ள?"

ஜெனிஸ்டா தலையைக் குனிந்துகொண்டாள். "சில நாள்."

"அந்த மிஸ் உள்ளதான இருந்தாங்க. ஏன் போகல?"

"எப்பிடிக்கா போறது? அது மனசு சரியில்லாதவங்களுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த ரூமுக்குள்ள நான் போனா, ரொமேஷ் அண்ணன் எப்பிடிச் செத்தாருன்னு எனக்குத் தெரியும்னு ஆகிடும்ல? மரியாயி அம்மா சொன்னது பொய்னு நானே சொன்ன மாதிரி ஆகிடும்ல? எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறோம். பக்கத்து வீட்டு ரமணி அக்காவும் வந்துட்டு வந்துட்டுத்தான் போனாங்க."

அதுதான் நடந்தது. தோட்டத்து மனிதர்கள் மரியாயிக்காகத் தங்கள் மனக்கஷ்டத்தையும் சேர்த்து மூடிக்கொண்டார்கள். சட்டைக் கையை மடித்து வரிசையில் நின்றது, அந்தத் தாயின் முகத்தைக் காப்பாற்ற.

கெத்தரின் அங்கேயே நிஷ்மியாவுக்கு அழைத்தாள். பால்மா பக்கெட்டுகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்து ஜெனிஸ்டா ஒரு மணித்தியாலம் கதைத்தாள். அன்றைக்கு அவளைத் தனியாக விடவில்லை; அவள் அக்காவை வரவழைத்து வீட்டில் நிற்கச் செய்தார்கள். மறுநாள் நிஷ்மியா சொன்னபடி கெத்தரின் அவளை மாத்தளைக்கு, ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் கூட்டிப்போனாள். இப்போது மருந்தும் எடுக்கிறாள், கதைக்கவும் செய்கிறாள். ஜெனிஸ்டாவை வைத்து நான் எந்தத் திருப்பமும் செய்யப்போவதில்லை. அவள் இந்தக் கதை முடியும்வரைக்கும், முடிந்தபின்னும், உயிரோடு இருக்கிறாள். அதில் மட்டும் வாசகருக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள் கெத்தரின். நோட்டீஸை மேசையில் விரித்தாள்.

"இத மாத்தித் தாங்க சேர்."

"நீங்கதானே மாரடைப்பு என்று—"

"நாங்கதான். அம்மா சொன்ன பொய்ய தோட்டத்துல யாரும் நம்பல. சும்மா காப்பாத்திக்கிட்டு இருந்தாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல அது தானா கரைஞ்சிருக்கும். நீங்க அத அழகா எழுதி, அச்சடிச்சு, கைக்குக் கை குடுத்துட்டீங்க. இப்ப காப்பாத்தியே ஆகணும்னு ஆயிருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. மரியாதையாகக் கேட்டதை மரியாதையாக எழுதிக்கொடுத்தவன்மேல் பழியா? அவள் போனபிறகு அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது. இதுவரை எத்தனை மரண அறிவித்தல் எழுதியிருப்பேன்! "திடீர் சுகவீனம்", "எதிர்பாராத விபத்து", "இறைவன் அழைத்துக்கொண்டார்". அவற்றில் எத்தனை ரொமேஷ் இருந்தார்களோ. எழுதும்போது நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வரும் ஞாயிறு ரொமேஷின் முதலாம் வருடப் பூசை. பூசையில் எல்லாருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஐந்து நிமிஷம் பேச பாதர் கெத்தரினுக்கு அனுமதி தந்திருந்தார். பதுர்தீன் முதலாளியும் தம்புள்ளைக் கடைக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே உண்மையைச் சொல்வதென்று கெத்தரின் முடிவெடுத்தாள். மரியாயியிடம் முதலில் சொன்னாள்.

"நீ சொல்லுறதா இருந்தா நான் கோயிலுக்கு வரல" என்றார் மரியாயி. "எம்புள்ளைய ரெண்டாந்தரம் சாகடிக்காத."

நான் மூன்று உரைகள் எழுதிக்கொடுத்தேன். ஒன்று பைபிள் வசனத்தோடு. ஒன்று புள்ளிவிபரத்தோடு. மூன்றாவதில் "அவன் எடுத்த முடிவு" என்று எழுதியிருந்தேன். மூன்றையும் வாசித்துத் திருப்பித் தந்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா வேணாம். எனக்கு வர்றதச் சொல்றேன்."

7

வெள்ளிக்கிழமை அவள் தம்புள்ளைக்கு பஸ் ஏறினாள். கோயிலில் எல்லாருக்கும் நடுவில் முதலாளிக்குத் தெரியவருவது நியாயமில்லை என்று பட்டது. காசைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கவும் தயாராகப் போனாள்.

(இங்கே நான் ஒரு சண்டை எழுதி வைத்திருந்தேன். முதலாளி மேசையில் அடிக்கிறார், "ஏமாத்திட்டீங்க" என்கிறார். அவரைச் சந்திக்காமல் எழுதியது. சந்தித்தபின் அழித்தேன்.)

லொறியிலிருந்து கரட் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கெத்தரின் நின்றபடியே சொல்லி முடித்தாள். முதலாளி கையிலிருந்த பேனையைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். பிறகு கடைப்பையன்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மகள், அந்தக் கெழம அவன் ரெண்டு நாள் லீவு கேட்டான். லோட் கூடுதலா ஈந்திச்சி. நான் தரல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "மாரடைப்புன்னு கேள்விப்பட்டதும் எனக்கு, அல்லா மன்னிக்கணும், நிம்மதியா ஈந்திச்சி. என்னால இல்லேன்னு."

கெத்தரின் ஸ்டூலை அவர் பக்கமாக இழுத்து உட்கார்ந்தாள். 

"உங்களால இல்லீங்க மொதலாளி. அந்த வாரம் அவன் ரெண்டு தடவ கோல் பண்ணான். புள்ளைங்களுக்குச் சோறு குடுக்குற நேரம். அப்புறம் எடுக்கலாம்னு வச்சிட்டேன். ஒரு வருஷமா அத நெனைச்சே செத்தேன். நிஷ்மியா மிஸ் சொல்றாங்க, ஒரு கோல்ல, ஒரு லீவுல இது நடக்கிறதில்லயாம். நாள்பட்ட வருத்தமாம். தெரிஞ்சிருந்தா மருந்து எடுத்திருக்கலாமாம்."

"நீங்க அத நம்புறீங்களா?"

"சில நாள் நம்புறேன்."

முதலாளி காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஞாயிறு நாங்க வாறோம்" என்றார். "எங்கட ஆக்களுக்கு நானே செல்லிக்கிறேன். நீங்க அத ரெண்டு தரம் செல்ல வேணாம்."

8

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

முதல் முடிவில், கெத்தரின் பேசி முடித்ததும் மரியாயி கோயில் வாசலில் தோன்றி, கைகளை விரித்தபடி நடந்துவர, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். எழுதும்போது கண்ணில் நீர் வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அழித்தேன்.

இரண்டாவது முடிவில் மரியாயி வரவேயில்லை. வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் மகளின் குரலைக் கேட்கிறார். இது மோசமில்லை. ஆனால் கோயிலிலிருந்து அந்த லயத்துக்குச் சத்தம் கேட்காது, நடுவில் ஒரு மலை இருக்கிறது.

மூன்றாவது, கெத்தரின் கடைசி நிமிஷத்தில் மனம் மாறி, நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது. இதை அவளிடம் காட்டவே எனக்குத் துணிவு வரவில்லை.

நடந்ததை எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அங்கே இருந்தேன்தான். நடந்ததில் ஒரு குறிப்பிட்ட நிமிஷம்வரைக்கும் மட்டும் எழுதுகிறேன்.

9

ஞாயிறு காலை, கோயில் நிறைந்திருக்கிறது. தம்புள்ளையிலிருந்து வந்தவர்கள் பின்வரிசை வாங்குப் பலகைகளில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஜெனிஸ்டா குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மரியாயி வந்துவிட்டார். முன்னுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு வாங்கில், சுவரோரமாக, இடம் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் மகனுடைய பூசை என்பார்.

அவருக்குப் பக்கத்தில், நடைபாதைப் பக்கமாக, ஓர் ஆள் இருக்கும் இடம் காலியாக இருந்தது. உங்களை அங்கே உட்காரவைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு இடம் இல்லை.

கெத்தரின் ஒலிவாங்கிக்கு வருகிறாள். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் தோத்திரங்க. எங்க தம்பி ரொமேஷ் மாரடைப்புல சாகல. அவன் உசிர அவனேதான் எடுத்துக்கிட்டான். அவனுக்கு மனசுல வருத்தம் இருந்திருக்கு, எங்களுக்குத் தெரியல. இந்தக் காசு அதுக்குத்தான் சேர்த்தது. சனிக்கெழமை அந்த ரூம்ல ஒரு மிஸ் இருப்பாங்க. எங்க அம்மாவுக்காக யாரும் வெளிய நிக்காதீங்க. உள்ள போங்க."

அவ்வளவுதான். மூன்று உரைகள் எழுதிய எனக்கு இதில் ஒரு வரிகூட வரவில்லை.

யாரும் இருமவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. இந்த மனிதர்கள் அதில் கெட்டிக்காரர்கள். மரியாயி எழுந்து நிற்கிறார். வெளியே போகப் போகிறாரா, மகளிடம் போகப் போகிறாரா என்று அவர் நிற்கிற நிலையில் சொல்லமுடியாது. அவருக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் போவதானாலும் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் குனிந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறார். ஒரு வருஷமாக எல்லார் முகத்திலும் தன் மகனைப் பற்றிய எந்தத் தீர்ப்பைக் காணப் பயந்தாரோ, அதைத் தேடுகிறார்.

மற்றவர்கள் முகத்தை எல்லாம் நான் எழுதிவிட்டேன். உங்கள் முகத்தில் அவருக்கு என்ன தெரிகிறது என்பதை என்னால் எழுத முடியாது. இந்த முறை நான் இட்டுக்கட்டப் போவதும் இல்லை.

அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.